க்யூவும் இசட்டும் எனக்கு விழுந்த வருஷம்

ஐம்பதைத் தாண்டியவர்களுக்காக மட்டும் இதை எழுதுகிறேன். இளையவர்கள் படித்தால் இதில் வருகிற வாத்தியாரைப் பார்த்துச் சிரித்துவிடுவார்கள். நம்மால் அப்படிச் சிரிக்க முடியாது. அன்றைக்கு அவருக்கு இருந்த வயதைப்போல இரண்டு மடங்கு நமக்கு ஆகிவிட்டது. அந்த வயதில் ஒரு சின்னப் பையனைப் பார்த்துச் சிரிக்கத் தெம்பு வேண்டும். எனக்கோ மாடிப்படி ஏறவே தெம்பில்லை.

இரண்டாவது யுத்தத்துக்கு முந்திய காலம். தென்காசியில் நான் செகண்ட் பாரம் படித்துக்கொண்டிருந்தேன். ஆனி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் வெயில்கூட ஈரமாகத்தான் அடிக்கும். காற்று, இடி விழுந்து பிளந்து நின்ற கோயில் கோபுரத்தடியில் புகுந்து வேட்டியைத் தலைக்கு மேல் தூக்கும். துவைத்த சட்டை மூன்று நாள் காயாது. நாற்பது பையன்கள் காயாத சட்டையோடு ஒரே அறையில் உட்கார்ந்தால் எழுகிற வாசனை உங்களுக்கும் நினைவிருக்கும். சாக்கட்டி ஈரத்தில் ஊறிப்போய்க் கரும்பலகையில் வழுக்கும். எழுதிய எழுத்து அரை மணி கழித்துத்தான் வெள்ளையாகத் தெரியும். வாத்தியார் எழுதிவிட்டுக் காத்திருப்பார். நாங்களும் காத்திருப்போம். படிப்பு அப்படித்தான் நடந்தது.

அந்த இரண்டு மாதத்தில் மட்டும் அதிகாரிகளுக்கெல்லாம் எங்கள் பக்கம் அவசர வேலை வந்துவிடும். மதகு பார்க்க ஒருவர், சாலை பார்க்க ஒருவர், பள்ளிக்கூடம் பார்க்க ஒருவர். எல்லோருக்கும் குற்றாலத்தில்தான் முகாம். காலையில் அருவி, பகலில் கடமை, சாயங்காலம் மறுபடியும் அருவி. பங்குனி வெயிலில் எங்கள் பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வந்த அதிகாரி ஒருவரையும் நான் கண்டதில்லை.

எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் ஆக்டிங் வாத்தியார். ஏற்கெனவே இருந்தவர் சீக்கில் லீவு போட்டுப் போய்த் திரும்பாததால் இவர் வந்திருந்தார். ஒடிசலான ஆள். முழங்கை தேய்ந்த ஒரே கோட்டு. அதைக் கழற்றும்போதெல்லாம் உள்பக்கத்தை வெளியே திருப்பி மடிப்பார். மனைவியும் பிறந்து நான்கு மாதமான குழந்தையும் சிவகிரியில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். மாமனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்: வேலை நிரந்தரமானால்தான் பெண்ணை அனுப்புவேன். நிரந்தரமாவதற்கு இன்ஸ்பெக்டரின் அறிக்கை நன்றாக வரவேண்டும். பள்ளிக்கூட மானேஜர் இப்படிச் சொன்னதை வாத்தியார் எங்களிடம் அப்படியே சொல்லிவிட்டார். பையன்களிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று தெரியாத மனுஷன்.

இன்ஸ்பெக்டர் அசந்துபோகும்படி ஒன்று செய்ய வேண்டும் என்று அவர் கண்டுபிடித்ததுதான் வார்த்தைக் களஞ்சியம். அவர் கிராமத்தில் குளத்துத் தண்ணீரைச் சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்களாம். அதே கணக்கில் இங்கிலீஷ் எழுத்துகளை இரண்டிரண்டாகச் சீட்டில் எழுதி ஒரு செம்பில் போட்டுக் குலுக்கினார். யாருக்கு எந்த இரண்டு எழுத்து விழுகிறதோ, அந்த இரண்டும் சேர்ந்து வருகிற வார்த்தைகள் நாற்பது கொண்டுவர வேண்டும், தமிழ் அர்த்தத்தோடு. பத்து நாள் கெடு.

“கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பங்குன்னா பங்குதாம்லே. நாளைக்கு எவனும் எங்கிட்ட வந்து மூக்க உறிஞ்சப்பிடாது” என்றார்.

என் பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு ஈயும் ஆரும் விழுந்தது. ஃபாதர், மதர், ரிவர், பேப்பர், டீச்சர் என்று வீட்டுக்குப் போகிற வழியிலேயே இருபது பறித்துவிட்டான். முன்பெஞ்சுக்காரனுக்குக் கே-யும் என்-னும் விழுந்தது. ‘நைஃப், கத்தி’ என்று கத்திக்கொண்டே ஓடினான். எனக்கு விழுந்தது க்யூவும் இசட்டும்.

நஞ்சை ஒருவனுக்கும் பாறை ஒருவனுக்கும் போய்விட்டு, இரண்டு பேரும் ஒரே அளவு நெல் அளக்க வேண்டும் என்றால் எப்படி? அந்த இரண்டு எழுத்தும் இங்கிலீஷில் அநேகமாக ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை என்று வாத்தியாருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. செம்புக்குள் கை விட்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தேன். இசட் எழுத எனக்குப் பிடிக்கும்.

பள்ளிக்கூடத்து அகராதி அட்டை போன சின்னப் புத்தகம். வாத்தியாருக்கே அதன்மேல் மரியாதை கிடையாது. பெரிய அகராதி ஊரில் ஒன்றே ஒன்று, வக்கீல் வீட்டில். வக்கீல் குமாஸ்தா எங்கள் தெருக்காரர். அவர் காலைச் சுற்றி இரண்டு நாள் நின்ற பிறகு உள்ளே விட்டார்.

“கைய நல்லாத் தொடச்சியாலே? தாள மடக்கப்பிடாது, எச்சி தொட்டுப் புரட்டப்பிடாது. வக்கீலையா நாளைக்கு ஜாகைய மாத்திக் குத்தாலத்துக்குப் போறாரு. வீட்டப் பூட்டிருவோம். இன்னிக்கு ஒரு நாத்தான்.”

“சரி அண்ணாச்சி.”

தோல் அட்டை, ஓரத்தில் தங்கப் பூச்சு, திறந்தால் கற்பூரமும் கரப்பான்பூச்சியும் கலந்த மணம். அப்படி ஒரு புத்தகத்தை அதற்குப் பிறகு நான் தொட்டதில்லை. ஆனால் இரண்டு எழுத்தை வைத்து அகராதியில் தேட முடியாது என்பது அங்கே உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. க்யூவில் தொடங்குகிற தாள்கள் கொஞ்சம், அவற்றை வாசித்துவிட்டேன். க்விஸ் என்றால் கேள்வி கேட்டுக் கிண்டுதல். க்விஸிக்கல் என்றால் குறும்பாகப் பார்க்கிற. குவார்ட்ஸ் ஒரு வெள்ளைக் கல். க்யூ நடுவில் ஒளிந்திருக்கிற வார்த்தைகளைப் பிடிக்க வேண்டுமென்றால் மொத்தப் புத்தகத்தையும் படிக்க வேண்டும். அதிர்ஷ்டவசமாக ஸ்குவீஸ் எனக்கு ஏற்கெனவே தெரியும்: பிழிதல். அதையே பிழிந்து, பிழிந்தான், பிழிகிறான், பிழிகிற கருவி என்று இன்னும் மூன்று எடுத்தேன். ஆக ஏழு. வெளியே வரும்போது குமாஸ்தா அண்ணாச்சி, “கெடச்சுதாலே?” என்றார். “நெறைய கெடச்சுது அண்ணாச்சி” என்றேன். அதுதான் முதல் பொய். மற்றதெல்லாம் அதன் வட்டி.

அந்தப் பத்து நாளில் நான் பட்ட பயத்தை இப்போது சொன்னால் வெட்கமாக இருக்கிறது. சோறு இறங்கவில்லை. காய்ச்சல் வரட்டும் என்று சாரலில் நின்றேன், பசிதான் வந்தது. வாய்க்காலில் விழுந்து காலை ஒடித்துக்கொள்ளலாமா என்று ஒரு சாயங்காலம் முழுக்க வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணுக்கால் அளவு தண்ணீர். அம்மா என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, “வயித்துல பூச்சி” என்று வேப்பங்கொழுந்தை அரைத்து ஊட்டினாள். பயத்துக்கு வேப்பங்கொழுந்து கொடுத்த அம்மா அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஒன்பதாம் நாள், மீதி முப்பத்து மூன்றையும் நானே உண்டாக்கினேன்.

வார்த்தை உண்டாக்குவது சுலபம். க்யூவையும் இசட்டையும் போட்டு நடுவில் இரண்டு உயிரெழுத்தைத் தூவினால் ஆயிற்று. அர்த்தம்தான் கஷ்டம். கண்ணில் படுவதையெல்லாம் எழுதினேன். குவாஸில்: வெயில் அடிக்கும்போதே விழுகிற சாரல். ஸ்குவாஸ்: ஈர வேட்டி காலில் ஒட்டிக்கொண்டு நடக்கவிடாமல் செய்தல். குவென்ஸி: அருவியில் குளித்து வந்தபின் பல் கிட்டிப் பேச்சு வராதிருத்தல். ஸீக்குவம்: குரங்கு பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போனபின் வெறும் கையைப் பார்த்தல். ஒரு மூச்சில் முப்பத்து மூன்று. என் ஆயுளில் நான் உண்மையாக உழைத்தது அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் வாத்தியார் என் தாளை வாங்கி வாசித்தார். நான் உள்ளங்கையைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

“இதெல்லாம் எங்கனலே எடுத்த?”

“வக்கீலையா வீட்டு டிக்‌ஷனரியில சார்.”

“பாத்தியளாலே!” என்று வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். “ஈர வேட்டி கால்ல ஒட்டுததுக்கு ஒரு வார்த்த வச்சிருக்கான் வெள்ளக்காரன். வேட்டியே கட்டாதவன்! எப்பேர்ப்பட்ட பாஷைலே இது! நம்மகிட்ட இருக்கா? இல்லியே!”

என் தாளில் அதற்கு நேரே தமிழில்தான் எழுதியிருந்தது. அது அவர் கண்ணுக்குப் படவில்லை. நாற்பதையும் கரும்பலகையில் எழுதினார். ஈர எழுத்து வெள்ளையாகும்வரை காத்திருந்து எல்லோரும் பார்த்து எழுதினார்கள்.

களஞ்சியத்தை அழகாக நகல் எடுக்கும் வேலை என் பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு. நல்ல கையெழுத்து. காலிகோ துணி ஒட்டிய நோட்டு, நீல மசி, தலைப்புக்கு மட்டும் சிவப்பு. அவனிடம் தனியாகக் கெஞ்சினேன்.

“ஏலே, என் பக்கத்த மட்டும் விட்டுருலே.”

“ஏன்? அதுதாம்லே நல்லாருக்கு. என்னுதுல என்ன இருக்கு, அப்பன் ஆத்தா பேப்பர். ஒன் வார்த்த முச்சூடும் நான் மனப்பாடம் பண்ணிட்டேன், கேக்கியா?”

“வேண்டாம்லே.”

கேளாமலே சொன்னான். நாற்பதும். ஒன்று தப்பவில்லை. உண்டாக்கிய எனக்கே பாதி மறந்திருந்தது.

இதற்குள் வாத்தியார் மேலகரத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பேசிவிட்டார். இன்னும் நிரந்தரமாகவில்லை, ஆனாலும் பேசிவிட்டார். ஒரு சனிக்கிழமை எங்கள் நாலைந்து பேரைக் கூட்டிப்போய்ச் சுண்ணாம்பு அடிக்கச் செய்தார். சாரல் காலத்தில் சுண்ணாம்பு காயுமா? அடித்த சுவர் மறுநாளும் சாம்பல் நிறமாக அழுதுகொண்டிருந்தது. நடு அறை விட்டத்தில் அவரே ஏறி ஒரு இரும்பு வளையத்தை அறைந்தார்.

“என்னதுக்கு சார் இது?”

“தொட்டிலு கட்டத்தாம்லே. பிள்ள தூங்கணும்லா?”

வளையத்தைப் பிடித்து இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தார். தாங்கியது. எங்களைப் பார்த்துச் சிரித்தார். நான் சுண்ணாம்பு மட்டையை எடுத்துக்கொண்டு மறுபடியும் சுவர்ப் பக்கம் போனேன்.

அடுத்த நாளே சொல்லிவிடுவதென்று மேலகரத்துக்கு நடந்தேன். கதவு பூட்டியிருந்தது. குற்றாலத்துக்குக் குளிக்கப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அங்கிருந்தும் நடந்தேன். வழியெல்லாம் பலாப்பழ வாசனை, குதிரை வண்டிகள், தலையில் எண்ணெய் வழிகிற பெரிய மனிதர்கள். சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ‘சார், அந்த வார்த்தையெல்லாம் பொய் சார்.’ அவ்வளவுதான். ஐந்து சொல்.

பெரிய அருவியில் கூட்டம் நெருக்கியது. வாத்தியார் கண்ணை மூடித் தண்ணீருக்கடியில் நின்றார். கோட்டு இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. விலா எலும்பை எண்ணலாம். பாறையைப் பிடித்து அருகில் போய் வாயைத் திறந்தேன்.

“சார், அந்த வார்த்தையெல்லாம் பொய் சார்!”

அவர் கண்ணைத் திறந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. என்ன என்பதுபோலக் காதில் கை வைத்தார். இன்னும் உரக்கக் கத்தினேன். அருவி என் வாக்கியத்தை வாயிலிருந்து வெளியே வரும்போதே அடித்துக்கொண்டு போயிற்று. அவர் தலையைத் தலையை ஆட்டிவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீருக்குள் நிறுத்திக்கொண்டார். தலையில் நூறு பேர் சேர்ந்து குட்டுவதுபோல இருந்தது. அழுதேன். அருவிக்கடியில் அழுவதில் ஒரு சௌகரியம், ஒருவருக்கும் கணக்குத் தெரியாது.

வெளியே வந்து துண்டைப் பிழிந்துகொண்டே, “என்னமோ சொன்னியேலே?” என்றார்.

“நல்லாக் குளிங்க சார்னு சொன்னேன்.”

மூன்றாம் தடவை சொல்ல என்னிடம் தைரியம் மிச்சமில்லை. தைரியமும் ஏழு வார்த்தை போலத்தான். பிழிந்தாலும் ஓரளவுக்கு மேல் வராது.

இன்ஸ்பெக்டர் ஆடி மாதம் இரண்டாம் வாரம் வந்தார். சரிகைத் தலைப்பாகை, மூடிய கழுத்துக் கோட்டு. தலைப்பாகைக்கடியில் முடி இன்னும் ஈரமாக இருந்தது. நல்ல மனநிலையில் இருந்தார். கணக்கு கேட்டார், சரி. பூகோளம் கேட்டார், சரி. களஞ்சியத்தைப் புரட்டி, “ரொம்ப நேர்த்தி, ரொம்ப நேர்த்தி” என்றார். வாத்தியார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விரல்களை முறுக்கிக்கொண்டிருந்தார். அது எனக்கு மட்டும் தெரியும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். நோட்டில் என் வார்த்தைகள் இருந்த பக்கத்துக்கு வந்தபோது இன்ஸ்பெக்டரின் புரட்டிய கை நின்றது.

“குவாஸில். வாட் இஸ் குவாஸில்?”

என் பக்கத்து பெஞ்சுக்காரன் எழுந்துவிட்டான். யாரும் அவனை எழுப்பவில்லை.

“வெயில் அடிக்கும்போதே விழுகிற சாரல் சார்!”

“அதை வைத்து ஒரு வாக்கியம் சொல்.”

அவன் ஜன்னலைக் காட்டினான். “டுடே தேர் இஸ் குவாஸில் இன் தென்காசி சார்.”

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம். வெளியே வெயில். வெயிலுக்குள் சாரல். இன்ஸ்பெக்டரும் ஒரு கணம் பார்த்தார். அந்த வார்த்தை இருந்தால்தான் என்ன என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். பிறகு நோட்டை மூடினார்.

“இப்படி ஒரு வார்த்தை கிடையாதே, மிஸ்டர்.”

அந்த இடத்தில் வாத்தியார் ‘திருத்திக்கொள்கிறேன் சார்’ என்றிருந்தால் போதும். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போயிருப்பார்; அவருக்கு நாலு மணிக்கு அருவி. நான் எழுந்து ‘நான்தான் சார்’ என்றிருந்தாலும் போதும். எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே அந்தச் சாரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாத்தியார் சொன்னார்: “இருக்கு சார். பெரிய அகராதியில இருக்கு.”

“நான் இங்கிலீஷ் இலக்கியம் படித்தவன்.”

“உங்க பாடத்துல வராம இருந்திருக்கலாம் சார்.”

அவர் திமிராகச் சொல்லவில்லை. நம்பிச் சொன்னார். வக்கீல் வீட்டு அகராதியில் இருக்கிற வார்த்தையை இல்லையென்று சொல்ல அவருக்கு நா எழவில்லை, அவ்வளவுதான். கூடவே வந்திருந்த தலைமை ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார்.

அறிக்கையில் என்ன எழுதினார் என்று எங்களுக்குத் தெரியாது. மாதக் கடைசியில் பயிற்சி பெற்ற வேறொருவர் வருவதாகச் சொன்னார்கள்.

வாத்தியார் ஊரைவிட்டுப் போன அன்று ரயிலடிக்கு நான் ஒருவன்தான் போனேன். ஒரு தகரப் பெட்டி, சுருட்டிய பாய், கையில் கோட்டு. அங்கே அருவி இல்லை. வண்டி வரக் கால் மணி இருந்தது. சாக்குச் சொல்ல வழியே இல்லாத அமைதி.

“சார், அந்த வார்த்தையெல்லாம் நான் உண்டாக்குனது சார். டிக்‌ஷனரியில இல்ல சார். ஏழுதான் நெசம்.”

அடிப்பார் என்று கன்னத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்தேன். அவர் கையிலிருந்த கோட்டைப் பெட்டிமேல் வைத்தார். கண் கலங்கிற்று. தோளில் கை போட்டார்.

“ஏலே, எனக்கு மனசு ஆறட்டும்னு ஒன் தலையில பழியப் போட்டுக்கிடுதியாக்கும்?”

“இல்ல சார், நெசமாவே...”

“போலே. முப்பத்து மூணு வார்த்த உண்டாக்கணும்னா என்ன மூள வேணும் தெரியுமா? நீ போன பரீட்சையில எத்தன மார்க்குலே? பதினொண்ணு. நீயா உண்டாக்குன?” சிரித்தார். “ஆனா ஒன் மனசு பெருசுலே. அத நான் மறக்க மாட்டேன். அந்த வார்த்தையெல்லாம் இருக்கு. வெள்ளக்காரன் இல்லாமலா வச்சிருப்பான்? அந்த மனுசன் படிச்சது கொறச்சல். நான் கண்டுபிடிச்சு ஒனக்கு எழுதுதேன், பாரு.”

“சார், சத்தியமா சார்...”

“சத்தியம் பண்ணாத. பொய்ச் சத்தியம் பிள்ளைகளுக்கு ஆகாது.”

வண்டி வந்தது. பெட்டியை நான்தான் ஏற்றினேன். சிவகிரிக்கு எப்போது போவார் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையைத் தடவினார். எங்களைப் பார்த்துக்கொண்டு நின்ற போர்ட்டர், மகனோ தம்பியோ என்று நினைத்திருப்பான்.

என் வயதுக்காரர்களே, நம்மில் எத்தனையோ பேர் செய்யாத தப்புக்கு அடிபட்டிருக்கிறோம், வலித்தது, ஆறிவிட்டது. செய்த தப்பை ஒப்புக்கொண்டு, அதற்கு நல்லவன் என்ற பெயரை வாங்கிப் பாருங்கள். அதை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பதென்று இந்த வயதிலும் எனக்குத் தெரியவில்லை. வேடிக்கைக்காரன் என்று ஊரில் பெயரெடுத்து வைத்திருக்கிறேன். இதைச் சொன்னாலும் சிரிக்கத்தான் சிரிக்கிறார்கள்.

தை மாதத்தில் ஒரு தபால் கார்டு வந்தது. பாளையங்கோட்டையில் ஒரு கடையில் கணக்கெழுதுவதாகவும், சாயங்காலங்களில் ஒரு வாசகசாலைக்குப் போவதாகவும் எழுதியிருந்தார். அங்கே வக்கீல் வீட்டு அகராதியைவிடப் பெரியது ஒன்று, பல பாகங்களாக இருக்கிறதாம். க்யூவை முழுக்கப் படித்துவிட்டாராம், இல்லை. இசட்டும் முடித்தாயிற்று, அதிலும் இல்லை. நடுவில் எங்காவது இருக்க வேண்டும், அதனால் ஏ-யிலிருந்து தொடங்கியிருக்கிறேன், கவலைப்படாதே என்று முடித்திருந்தார்.

கார்டின் கீழே தன் விலாசத்தை இரண்டு தடவை, தமிழில் ஒன்றும் இங்கிலீஷில் ஒன்றுமாக, பதில் போட எனக்குச் சிரமம் இருக்கக் கூடாதென்று தெளிவாக எழுதியிருந்தார்.